அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: பெரோவ்ஸ்கைட் ஒளி உணரிகளும் விரைந்து செல்லும் பொருள்களும்

பெங்களூரில் இயற்பியலும் மின்னணுவியலும் படிக்கும் தமிழ் மாணவர்களும், இங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர்களும் பெரோவ்ஸ்கைட் ஒளி உணரிகளைப் பற்றித் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விகளைத் திரட்டி, அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வுணரிகளைப் பற்றிய பேச்சில், ஒளி பட்டவுடன் அவை எத்தனை விரைவாக விழித்துக்கொள்கின்றன என்பதற்கே பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. ஆனால் ஓடும் பொருளைப் பார்க்க விரும்புகிறவருக்கு, ஒளி விலகிய பிறகு அவை எத்தனை விரைவாக அடங்குகின்றன என்பதுதான் பெரிய கேள்வி. கீழே உள்ள விடைகளில் பல இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

பெரோவ்ஸ்கைட் என்பது என்ன பொருள்?

யூரல் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் என்னும் கனிமத்தை 1839ஆம் ஆண்டு ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, ரஷ்யாவைச் சேர்ந்த லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு இட்டார். இன்று அந்தக் கனிமத்தின் அணு அடுக்கைக் கொண்ட படிகங்கள் அனைத்தும் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் பெரிய அயனி ஒன்று, நடுவில் ஓர் உலோக அயனி, ஆறு முகங்களின் மையங்களிலும் எதிர்மின் அயனிகள் என்பது அந்த அடுக்கின் அமைப்பு. ஒளி உணரிகளில் பயன்படுபவை இவற்றுள் ஹாலைடு வகையைச் சேர்ந்தவை. மூலையில் மீதைல் அமோனியம், ஃபார்மமிடினியம் அல்லது சீசியம் இருக்கும். நடுவில் ஈயமோ வெள்ளீயமோ இருக்கும். முகங்களில் அயோடின், புரோமின், குளோரின் ஆகியவற்றுள் ஒன்றோ அவற்றின் கலவையோ இருக்கும்.

சீசியம் ஈய ஹாலைடுகள் ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பது 1958லேயே அறியப்பட்டது. மீதைல் அமோனியம் சேர்ந்த வகையை 1978ல் டீட்டர் வேபர் விவரித்தார். ஆயினும் 2009ல் ஜப்பானில் சுடோமு மியாசகாவின் குழு இதைக் கொண்டு 3.8 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்கலத்தைச் செய்து காட்டிய பிறகுதான் உலகெங்கும் ஆய்வகங்கள் இதன் பக்கம் திரும்பின. ஒளி உணரி ஆய்வு, அந்தச் சூரிய மின்கல ஆய்வின் தோள்மீது ஏறி வளர்ந்த ஒன்று.

நல்ல சிலிக்கான் உணரிகள் மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்காக?

வேகத்தில் மட்டும் போட்டியிட்டால் சிலிக்கானே வெல்லும். இதை மறைப்பதில் பயனில்லை. சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்களின் இயங்குதிறன், அதாவது மின்புலத்தில் அவை நகரும் எளிமை, வோல்ட்-விநாடிக்குச் சுமார் 1400 சதுர சென்டிமீட்டர். பெரோவ்ஸ்கைட்டில், நல்ல ஒற்றைப் படிகத்தில்கூட, அது நூறின் அளவைச் சுற்றியே இருக்கிறது. மெல்லிய படலங்களில் இன்னும் குறைவு.

பெரோவ்ஸ்கைட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளியை உறிஞ்சுவதில் அது மிகவும் வலிமையானது. 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியைப் பிடிக்கச் சிலிக்கானுக்குப் பல மைக்ரோமீட்டர் தடிமன் தேவைப்படும்போது, பெரோவ்ஸ்கைட்டுக்கு அரை மைக்ரோமீட்டர் படலமே பெரும்பாலும் போதும். படலம் மெலிந்திருந்தால் மின்னேற்றங்கள் கடக்க வேண்டிய தொலைவும் குறைகிறது. ஆகவே இயங்குதிறனில் இழந்ததில் ஒரு பகுதி தொலைவில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அடுத்ததாக, அயோடினுக்கும் புரோமினுக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால், உணரி எந்த நிறம் வரை பார்க்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். மீதைல் அமோனியம் ஈய அயோடைடு சுமார் 800 நானோமீட்டர் வரை பார்க்கிறது. அயோடின் முழுவதற்கும் பதிலாகப் புரோமின் வந்தால் பச்சை நிறத்தோடு நின்றுவிடுகிறது. இவற்றோடு, 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே படலத்தை உருவாக்க முடிவதால், ஏற்கெனவே செய்து முடித்த சிலிக்கான் மின்சுற்றின் மீதோ, வளையும் பிளாஸ்டிக் தாளின் மீதோ, வளைந்த பரப்பின் மீதோ அதைப் பூசிவிடலாம்.

வேகமாகச் செல்லும் பொருளை உணர எத்தனை விரைவான உணரி தேவை?

வேகம் என்றவுடனேயே நானோ விநாடியைப் பற்றிப் பேசத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டுக் கூரையில் சுற்றும் 1200 மில்லிமீட்டர் மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் இறக்கையின் நுனி விநாடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 79 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அல்சூர் வழியாகப் போகும் நம்ம மெட்ரோ ரயிலின் உச்ச வேகமும் ஏறத்தாழ இதுவேதான். அந்த நுனி ஒரு மைக்ரோ விநாடியில் 22 மைக்ரோமீட்டர் மட்டுமே நகர்கிறது. அதாவது, மைக்ரோ விநாடி அளவில் விழித்திருக்கும் உணரிக்கு மின்விசிறி ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கிறது.

அடுத்து, சின்னசாமி அரங்கில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து. அதன் வேகம் விநாடிக்கு 38.9 மீட்டர், விட்டம் சுமார் 72 மில்லிமீட்டர். ஒரு மெல்லிய ஒளிக்கற்றையை அது கடக்க 1.85 மில்லி விநாடி ஆகும். 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒளிக்கற்றைகளை வைத்தால், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக 7.71 மில்லி விநாடி ஆகும். உணரியின் நேரப் பிழை 0.1 மில்லி விநாடியாக இருந்தால் வேகத்தில் மணிக்குச் சுமார் 1.8 கிலோமீட்டர் பிழை வரும். அதுவே ஒரு மைக்ரோ விநாடியானால் பிழையைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை. இந்த வேலைக்கு நானோ விநாடி உணரியை வாங்குவது வீண் செலவு.

படம் பிடிக்கும் கருவியிலும் இதே போன்ற கணக்குதான். 25 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லைக்கு முன்னால், 10 மீட்டர் தொலைவில், விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஒரு பொருள் குறுக்கே செல்கிறது என்று கொள்வோம். உருவம் நானூற்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால், உணரிப் பரப்பின் மீது அது விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். படப்புள்ளி ஒன்றின் அகலம் 10 மைக்ரோமீட்டர் என்றால், அந்த உருவம் ஒரு புள்ளியில் தங்கும் நேரம் 100 மைக்ரோ விநாடி. அந்த நேரத்துக்குள் புள்ளி எழ வேண்டும், பிறகு அடுத்த செய்திக்கு இடம்விட்டு அடங்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பெரோவ்ஸ்கைட் தடுமாறுகிறது.

அப்படியானால் நானோ விநாடி எங்கே தேவைப்படுகிறது?

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் இடங்களில் தேவைப்படுகிறது. ஒரு நானோ விநாடி என்பது போய்த் திரும்பும் கணக்கில் 15 சென்டிமீட்டர் தொலைவு. விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் காரின் மீது 10 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு லேசர் துடிப்புகளை அனுப்பினால், அதற்குள் கார் 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே திரும்பி வரும் நேரங்களில் 2 நானோ விநாடி வேறுபாடு இருக்கும். இதை அளக்க உண்மையிலேயே விரைவான உணரி வேண்டும். நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறுவதே டாப்ளர் விளைவு; அதன் மூலம் வேகத்தை அளப்பதும் இப்படித்தான்: 650 நானோமீட்டர் சிவப்பு லேசரில், விநாடிக்கு 30 மீட்டர் வேகம் ஏறத்தாழ 92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் மாற்றத்தைத் தருகிறது.

போக்குவரத்துக் காவலர்களின் லேசர் வேகமானியில் பெரோவ்ஸ்கைட்டைப் பயன்படுத்த முடியுமா?

இப்போதைய ஈய அயோடைடு வகைகளால் முடியாது. அத்தகைய கருவிகள் பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குகின்றன; ஈய அயோடைடின் பார்வை 800 நானோமீட்டரை அடுத்து மங்கிவிடுகிறது. ஈயத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக வெள்ளீயத்தைச் சேர்த்தால் சுமார் 1000 நானோமீட்டர் வரை போகலாம். ஆனால் வெள்ளீயம் காற்றுப் பட்டால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இருட்டிலும் ஓடும் கசிவு மின்னோட்டத்தைப் பெருக்கிவிடுகிறது. லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் லிடார் கருவிகளுள் 1550 நானோமீட்டரில் இயங்குபவற்றுக்கு இந்தியம் காலியம் ஆர்சனைடு உணரிதான் பொருத்தம்.

உணரியின் விரைவை எது தீர்மானிக்கிறது?

முதன்மையாக இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று, ஒளியால் பிறந்த எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளையும் படலத்தைக் கடந்து மின்முனையை அடைய எடுக்கும் நேரம். தடிமனின் இருமடியை, இயங்குதிறனையும் மின்னழுத்தத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். 500 நானோமீட்டர் படலம், ஒரு வோல்ட், இயங்குதிறன் வெறும் 1 என்று வைத்துக்கொண்டாலும் 2.5 நானோ விநாடிதான் வருகிறது.

மற்றொன்று மின்தேக்குத்திறன். படலம் மெல்லியதாக இருப்பதாலும், இப்பொருளின் மின்காப்பு மாறிலி 30ஐ ஒட்டியதாக இருப்பதாலும், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள உணரியே அரை நானோஃபாரட் அளவுள்ள மின்தேக்கியாகிவிடுகிறது. 50 ஓம் மின்தடையோடு சேர்த்தால் அதன் கால மாறிலி, அதாவது மின்னழுத்தம் மாற எடுக்கும் நேரத்தின் அளவு, சுமார் 27 நானோ விநாடி. உணரியின் பக்கத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் பரப்பு நூறில் ஒரு பங்காகிறது. கால மாறிலியும் 0.27 நானோ விநாடியாக இறங்குகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு நானோ விநாடிக்கும் குறைந்த எண்கள் வரும்போது, உணரியின் பரப்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பரப்பைச் சொல்லாமல் விரைவை மட்டும் சொல்வது முழுத் தகவல் ஆகாது. 2014ல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யாங் யாங் குழுவினர் செய்த பெரோவ்ஸ்கைட் ஒளி டயோடு 3 மெகாஹெர்ட்ஸ் வரை ஈடுகொடுத்தது. எழும் நேரமாகச் சொன்னால் அது சுமார் 117 நானோ விநாடி. ஓடும் பொருளின் உருவத்தைத் தொடர்வதற்கு அதுவே தாராளமாகப் போதுமானது.

ஒளி அணைந்த பிறகும் மின்னோட்டம் நீடிக்கிறது என்கிறார்களே, ஏன்?

மேலே சொன்ன இரண்டு காரணிகளும் வேகமான பகுதியை மட்டுமே விளக்குகின்றன. மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைக் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு பெரோவ்ஸ்கைட் உணரியின் அலைவடிவத்தைப் பார்த்தால், ஒளி அணைந்ததும் மின்னோட்டம் செங்குத்தாக விழுவது தெரியும். பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதன் பிறகு கோடு சாய்ந்து, மில்லி விநாடிக் கணக்கிலும், சில உணரிகளில் விநாடிக் கணக்கிலும் மெல்ல இழுபட்டுக்கொண்டே போகிறது. மழை விட்ட பிறகும் கூரை ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. விழும் நேரத்தைத் தொண்ணூறு விழுக்காட்டிலிருந்து பத்து விழுக்காடு வரை மட்டுமே அளப்பது மரபாக இருப்பதால், இந்த வால் அட்டவணைகளில் இடம்பெறாமலே போய்விடுகிறது.

வாலுக்குக் காரணங்கள் இரண்டு. படலத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் மணி எல்லைகளிலும், பரப்பிலும் உள்ள குறைபாடுகளில் மின்னேற்றங்கள் சிக்கி, பிறகு ஒவ்வொன்றாக விடுபடுவது முதல் காரணம். இரண்டாவது, இப்பொருளுக்கே உரிய சிக்கல்: அயோடைடு அயனிகள் தம் இடத்தில் அசையாமல் இருப்பதில்லை. படிகத்தில் காலியாக உள்ள இடங்கள் வழியாக அவை நகர்கின்றன. ஒளியும் மின்புலமும் அந்த நகர்வைத் தூண்டுகின்றன. அயனிகள் இடம் மாறினால் உள்ளே இருக்கும் மின்புலமும் மாறுகிறது; அது பழைய நிலைக்குத் திரும்பச் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொள்கிறது.

முன்பு போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். உருவம் ஒரு படப்புள்ளியில் 100 மைக்ரோ விநாடி தங்குகிறது. வாலின் நீளம் 5 மில்லி விநாடி என்றால், பொருள் கடந்து வந்த 50 புள்ளிகளிலும் அதன் ஆவி படிந்திருக்கும். எழும் நேரம் 10 நானோ விநாடி என்று பெருமையாகச் சொல்லப்படும் உணரியும் இந்த இழுபட்ட உருவத்தையே தரும். கருமையான பின்னணியில் பளிச்சென்ற பந்து ஓடினால் பாதிப்பு குறைவு. பளிச்சென்ற வானத்தின் பின்னணியில் கரிய பறவை ஓடினால் வாலின் தொல்லை மிகுதி. ஏனெனில் அங்கே உணரி கவனிக்க வேண்டியது ஒளியின் வருகையை அல்ல, ஒளியின் இன்மையை. வால் நீண்ட உணரிக்கு நிழலைப் பார்க்கத் தெரியாது.

வாலைக் குறைக்கும் வழிகள் ஓரளவு கைகூடியிருக்கின்றன. 2014ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜின்சாங் ஹுவாங் குழுவினர், படலத்தின் மீது ஃபுல்லரீன் என்னும் கார்பன் மூலக்கூற்றைப் படியவைத்தால் மணி எல்லைகளின் குறைபாடுகள் அடங்கி, மின்னோட்டத்தின் பின்தங்கல் பெரிதும் மறைவதைக் காட்டினர். அயோடைடுக்குப் பதிலாகப் புரோமைடு, கரிம அயனிக்குப் பதிலாகச் சீசியம் என்ற மாற்றங்களும் நிலைத்தன்மையை உயர்த்த உதவுகின்றன. அதற்கு ஈடாகச் சிவப்பு நிறத்தை இழக்க நேர்கிறது.

ஒளி டயோடு நல்லதா, ஒளி மின்கடத்தி நல்லதா?

ஓடும் பொருளுக்கு டயோடு. இரு மின்முனைகளுக்கு இடையே படலத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஒளி மின்கடத்தியில் ஒரு ஃபோட்டானுக்குப் பல எலக்ட்ரான்கள் கிடைக்கின்றன. இந்தப் பெருக்கத்தைக் கண்டு பலரும் மயங்கிவிடுகிறார்கள். அந்தப் பெருக்கம், ஒருவகை மின்னேற்றம் குறைபாடுகளில் சிக்கி நீண்ட நேரம் தங்குவதால் கிடைப்பது. சிக்கிய மின்னேற்றம் எத்தனை நேரம் தங்குகிறதோ அத்தனை நேரம் வாலும் நீள்கிறது. பெருக்கத்தையும் விரைவையும் ஒருசேரப் பெற அங்கே வழியில்லை. நிலையான, மங்கிய ஒளியை அளப்பவர்களுக்கு அது பயன்படட்டும்.

அசைவை மட்டும் உணரும் பெரோவ்ஸ்கைட் உணரி என்று படித்தேன். அது எப்படி இயங்குகிறது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இது. வழக்கமான உணரி எத்தனை ஒளி விழுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சுவரும் மரமும் மாறாமல் நின்றாலும் ஒவ்வொரு படத்திலும் அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதும். அசைந்தது எது என்பதைப் பின்னால் கணினி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நம் விழித்திரை அப்படிச் செய்வதில்லை; மாற்றத்துக்கே அது வலுவாக எதிர்வினை காட்டுகிறது.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாப்ரமும் சிந்தியா ட்ருஹியோ ஹெரேராவும் இந்தப் பண்பைப் பொருளுக்குள்ளேயே கொண்டுவந்த ஓர் உணரியை வெளியிட்டனர். அது ஒரு மின்தேக்கி. அதன் இரு தகடுகளுக்கு நடுவே சிலிக்கான் டைஆக்சைடு படலம் ஒன்றும், மீதைல் அமோனியம் ஈய அயோடைடு படலம் ஒன்றும் அடுக்கப்பட்டுள்ளன. இருட்டில் பெரோவ்ஸ்கைட் படலம் மின்காப்புப் பொருளாக நடந்துகொள்கிறது. ஒளி பட்டதும் அதன் மின்பண்பு பெரிதும் மாறுகிறது. அப்போது மின்தேக்குத்திறன் மாறுவதால், மின்னேற்றம் இடம்பெயர்ந்து, தொடரில் உள்ள மின்தடையில் ஒரு மின்னழுத்தத் துடிப்பு எழுகிறது. ஒளி அதே அளவில் தொடர்ந்தால் அந்தத் துடிப்பு தானாகவே அடங்கிச் சுழியாகிவிடுகிறது. சிலிக்கான் டைஆக்சைடு நேர் மின்னோட்டத்தைத் தடுத்துவிடுவதால், மாறாத ஒளிக்கு எந்தச் செய்தியும் வெளியே வருவதில்லை.

இத்தகைய உணரிகளை வரிசையாக அடுக்கினால் எப்படித் தெரியும் என்று அவர்கள் கணினிப் போலச்செய்தல் மூலம் காட்டினார்கள். பேஸ்பால் பயிற்சிக் காட்சி ஒன்றில் ஓடும் ஆட்டக்காரர்கள் மட்டும் ஒளிர்ந்தார்கள். அசையாத திடல் இருளில் மறைந்தது. பறவை ஒன்று பறந்து வரும்போது தெரிந்தது. அமர்ந்ததும் கிட்டத்தட்ட மறைந்துபோனது.

இந்தச் சிந்தனைக்குச் சிலிக்கானில் முன்னோடிகள் உண்டு. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் சிலிக்கான் விழித்திரையை உருவாக்கினர். 2008ல் லிக்ட்ஸ்டைனர், போஷ், டெல்ப்ரூக் ஆகியோர் 128க்கு 128 புள்ளிகள் கொண்ட மாற்றம் உணரும் கேமராவை விவரித்தனர். அதன் தாமதம் 15 மைக்ரோ விநாடி மட்டுமே. அந்தக் கேமராவில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகப் பல டிரான்சிஸ்டர்கள் வேண்டும். பெரோவ்ஸ்கைட் வழியில் அந்த வேலையின் ஒரு பகுதியைப் பொருளே செய்துவிடுகிறது. இந்த எளிமைதான் அதன் பெருமதிப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொருளுக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு இல்லையென்றால் இது எதையும் காட்டாது. நின்றுவிட்ட பொருள் மறைந்துவிடுகிறது. சாலையின் நடுவே நின்றுபோன வண்டியைப் பார்க்க வேண்டிய காருக்கு இது மட்டும் போதாது. கேமராவே நகர்ந்தால் உலகம் முழுவதும் அசைந்ததாகத் தோன்றும். வால் பற்றிய கவலை இங்கேயும் வேறு வடிவில் வருகிறது: துடிப்பு அடங்கும் நேரத்தை மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் கொண்டு நாம் தேர்ந்தெடுத்தாலும், அயனி நகர்வு அதன் மேல் தன் மெதுவான சாயலைப் பதித்துவிடலாம்.

விரைவாகப் பார்த்தால் ஒளி போதுமா?

பலரும் மறந்துவிடும் கேள்வி இது. 530 நானோமீட்டர் பச்சை ஒளியில் ஒரு நானோவாட் ஓர் உணரியின் மீது விழுகிறது என்றால், ஒரு மைக்ரோ விநாடிக்குள் வந்து சேரும் ஃபோட்டான்கள் ஏறத்தாழ 2670. எழுபது விழுக்காடு பயன்பட்டால் 1870 எலக்ட்ரான்கள் கிடைக்கும். ஃபோட்டான்கள் ஒழுங்கின்றி வந்து சேர்வதால் எழும் இரைச்சல் மட்டுமே அதில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது ஒரு பிகோவாட்டாகக் குறைத்தால் மைக்ரோ விநாடிக்கு இரண்டு மூன்று ஃபோட்டான்களே மிஞ்சும். அப்போது எத்தனை விரைவான உணரியாலும் எதையும் நம்பிக்கையோடு சொல்ல முடியாது. விரைவைக் கூட்டும் ஒவ்வொரு படியிலும் ஒளியைக் கூட்டவோ, வில்லையை அகலமாக்கவோ வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒளி உணர்திறனை ஜோன்ஸ் என்னும் அலகில் பத்தின் பன்னிரண்டாம் அடுக்கு, பதின்மூன்றாம் அடுக்கு என்றெல்லாம் குறிப்பிடுவார்கள். இரைச்சலை நேரடியாக அளக்காமல், இருட்டு மின்னோட்டத்திலிருந்து மட்டும் கணக்கிட்ட எண்கள் உண்மையைவிடப் பெரிதாக வருவது வழக்கம். குறைந்த அதிர்வெண்களில் பெரோவ்ஸ்கைட்டின் இரைச்சல் அந்தக் கணக்கைவிட மிகுதியாக இருக்கலாம்.

தெருவிளக்குகள் இடையூறு செய்யுமா?

செய்யும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, மாற்றத்தை மட்டும் பார்க்கும் உணரிக்குப் பெரும் ஆரவாரம். 100 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் வடிகட்டும் சுற்று இல்லாமல் நகரத்து இரவில் இதைப் பயன்படுத்த முடியாது.

ஒற்றைப் படிகம் சிறந்ததா, மெல்லிய படலம் சிறந்ததா?

ஒற்றைப் படிகத்தில் மணி எல்லைகள் இல்லாததால் குறைபாடுகள் மிகவும் குறைவு. சில கரைப்பான்களில் இப்பொருள்கள் சூடேறும்போது கரைதிறனை இழக்கின்றன. இந்த விந்தையான பண்பைப் பயன்படுத்தி, கரைசலைச் சூடாக்கியே சில மணி நேரத்தில் படிகம் வளர்க்கும் முறையை 2015ல் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள படிகத்தை, இயங்குதிறன் 100, மின்னழுத்தம் 100 வோல்ட் என்ற நிலையிலும் மின்னேற்றங்கள் கடக்க ஒரு மைக்ரோ விநாடி ஆகும். எக்ஸ் கதிர்களைப் பிடிக்கத் தடித்த படிகம் தேவை; கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஓடும் பொருளைப் பார்க்க நன்றாகச் செய்த மெல்லிய படலமே என் தேர்வு.

படலத்தை எப்படிச் செய்கிறார்கள்? பெங்களூரின் ஈரக்காற்று பாதிக்காதா?

ஈய அயோடைடையும் மீதைல் அமோனியம் அயோடைடையும் டைமீதைல் ஃபார்மமைடு, டைமீதைல் சல்ஃபாக்சைடு ஆகிய கரைப்பான்களில் கரைத்தால் மஞ்சள் நிறக் கரைசல் கிடைக்கும். நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறைகளின் வழியே கையை நுழைத்து, சுழலும் கண்ணாடித் தகட்டின் மீது அதைச் சொட்டவிடுவார்கள். தகடு நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுழலும்போது, சரியான நொடியில், டொலுவீன் அல்லது குளோரோபென்சீனை அதன் நடுவில் ஊற்ற வேண்டும். அது கரைப்பானை விரட்டுகிறது. படிகங்கள் ஒரே நேரத்தில் எங்கும் முளைக்கின்றன. பிறகு தகட்டை 100 டிகிரி சூடான தட்டின் மீது வைத்தால், வெளிறிய படலம் கண்ணெதிரே அடர்பழுப்பாகி, கண்ணாடி போல் பளபளக்கும். சொட்டும் நொடி சற்றுப் பிந்தினாலும் படலம் பால்போல் மங்கிவிடும். அத்தகைய படலத்தில் மணி எல்லைகளும் ஓட்டைகளும் மிகுதி, வாலும் நீளம்.

ஈரக்காற்று நிச்சயம் பாதிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில் படலத்தை மேசையில் திறந்து வைத்தால், நீராவி உட்புகுந்து அது மீண்டும் மஞ்சள் நிற ஈய அயோடைடாகச் சிதையத் தொடங்கும். கண்ணாடி மூடியும் ஈரம் புகாத பசையும் கொண்டு உடனே மூடிவிட வேண்டும்.

இதில் ஈயம் இருக்கிறதே?

இருக்கிறது; அது நீரில் ஓரளவு கரையும் வடிவில் இருப்பதால் பொறுப்போடு கையாள வேண்டும். அளவைப் பொறுத்தவரை, அரை மைக்ரோமீட்டர் படலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.07 மில்லிகிராம் ஈயம் உள்ளது. ஒரு உணரியில் இது சிறிய அளவுதான். ஆனால் கரைசல் தயாரிப்பவரின் கையில் இருப்பது பல கிராம். ஆகவே கையுறை, முகக்கவசம், தனிக் கழிவுக் குடுவை ஆகியவை கட்டாயம். சாக்கடையில் ஊற்றுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பெரோவ்ஸ்கைட் ஆய்வகம் கைக்கெட்டாத மாணவர், இதை எங்கே தொடங்கலாம்?

எஸ்.பி. சாலையில் கிடைக்கும் பொருள்களே போதும். ஓர் எல்.டி.ஆர். (ஒளி பட்டால் தன் மின்தடை குறையும் உறுப்பு), பிபிடபிள்யூ 34 என்னும் சிலிக்கான் ஒளி டயோடு, ஓர் ஆப்-ஆம்ப் (சிறு மின்செய்தியைப் பெருக்கும் சில்லு), சில மின்தடைகள், பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை வாங்குங்கள். விளக்கு மின்சார வாரியத்தின் இணைப்பில் எரிந்தால் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு குழப்பிவிடும், அதனால்தான் பேட்டரி. நிமிடத்துக்கு 1300 சுற்று சுழலும் மூன்று இறக்கை மேசை மின்விசிறியின் ஒரு பக்கம் விளக்கையும் மறுபக்கம் உணரியையும், பாதுகாப்புக் கம்பிகளின் இடைவெளி நேராக வரும்படி பொருத்துங்கள். விநாடிக்கு 65 நிழல்கள் கடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 15 மில்லி விநாடி இடைவெளி. கல்லூரி ஆசிலோஸ்கோப்பில் ஒளி டயோடின் கோடு ஒவ்வொரு நிழலையும் தட்டையான பள்ளமாக வரையும். எல்.டி.ஆர்.இன் கோடு, அடங்கப் பல பத்து மில்லி விநாடி எடுத்துக்கொள்வதால், பள்ளங்கள் நிரம்பி வெறும் அலையாகத் தளும்பும்.

இப்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, எல்.இ.டி.யைத் துடிப்பாக எரியவிட்டு, இரண்டு உணரிகளிலும் விழும் நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் 90 விழுக்காட்டிலிருந்து 10 வரை, அடுத்து 10 விழுக்காட்டிலிருந்து 1 வரை. பின்னொரு நாள் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் உணரி உங்கள் கைக்கு வரும்போது, இந்த இரண்டாவது எண்ணை முதலில் கேளுங்கள். யாரும் அளந்திருக்கவில்லை என்றால் நீங்களே அளந்து கொடுங்கள்.